ஆயுத பூஜை ஸ்பூல்

அத்தியாயம் 7

லாம்பிரெட்டா ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது.

சைதாப்பேட்டை சப்-ஜெயில் வாசலில், பகல் ஒரு மணி வெயிலில், துப்பறியும் சுயம்புலிங்கம் அதைப் பதினோராவது தடவை உதைத்தார். பின் சீட்டில் தொற்றிக்கொள்ளக் காத்திருந்த உதவியாளன் பாண்டுரங்கன் ஒவ்வொரு உதையையும் எண்ணிக்கொண்டிருந்தான். காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லி போன இடம் தெரியவில்லை.

"வுடு அண்ணாச்சி. நாளைக்கு ஆயுத பூஜை. வண்டி இப்பவே லீவு போட்டுகினு கீது."

"வாயை மூடிக்கிட்டுத் தள்ளுடே."

சுயம்புலிங்கத்தின் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்து பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்தது. அண்ணன் தம்பி நான்கு பேரும் துணியை அளந்துகொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் ஊரார் விவகாரத்தை அளக்கக் கிளம்பிவிட்டார். அப்பா இன்றுவரை இவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாண்டுவுக்கு அந்த வருத்தமெல்லாம் கிடையாது. ஜவுளிக்கடையில் இருந்திருந்தால் அண்ணாச்சிக்கு உதவியாளன் எதற்கு?

வேப்பமரத்தடியில் நின்றிருந்த சகினா ஓடி வந்தாள். உள்ளே இருக்கும் மெஹபூப் அலியின் தங்கை. மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

"அண்ணனைப் பாத்தீங்களா சார்? என்ன சொன்னாரு?"

"அதே பாட்டுதாம்மா," என்றான் பாண்டு. "தபலா நான்தான் வாசிச்சேன், ஒரே டேக்குல ஓகே ஆச்சு. இதைத் தவிர வேற ஒரு வார்த்தை வரல."

"மாப்பிள்ளை வீட்டுல இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பாக்குறோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க சார். ஞாயித்துக்கெழம நிக்காஹ். அண்ணன் ஜெயில்ல இருந்தா அவங்க வர மாட்டாங்க."

"நாலு மணிக்கு ஜாமீன் மனு எடுப்பாங்க," என்றார் சுயம்புலிங்கம். "அதுக்குள்ள வந்துருவேன்."

ஜாமீன் இன்று கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். நாளை முதல் பத்து நாள் பூஜை விடுமுறை, கோர்ட்டுக்குப் பூட்டு. பாண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. "கவலைப்படாத தங்கச்சி. சாயங்காலம் உங்க அண்ணனை நானே கைய பிடிச்சுக் கூட்டியாந்து வுடறேன்."

சொன்ன பிறகுதான் மணி என்ன என்று சுயம்புலிங்கத்தின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தான்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அபிராமபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டு பீரோவை யாரோ உடைத்து, டாக்டரம்மாவின் தங்க ஒட்டியாணத்தை எடுத்துப் போய்விட்டார்கள். பீரோவுக்கு அடியில் தபலாவுக்கு ஸ்ருதி சேர்க்க மெஹபூப் அலி வைத்திருக்கும் சின்னச் சுத்தியல் கிடந்தது. அந்த வீட்டுப் பையனுக்கு அவன்தான் தபலா வாத்தியார். அவனுக்கு முன்னால் அங்கே சொல்லிக்கொடுத்தவர் தங்கவேல். சினிமாப் பாட்டுகளுக்குத் தபலா வாசிக்கும் சீனியர்.

திருட்டு நடந்த நேரத்தில் தி.நகர் நாதவேணி ரெக்கார்டிங் தியேட்டரில் வாசித்துக்கொண்டிருந்தேன் என்றான் மெஹபூப். தங்கவேல்தான் உடம்பு சரியில்லை, எனக்குப் பதில் நீ போ என்று அனுப்பினாராம். யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாகப் போய், பின்வாசல் வழியாகவே திரும்பினானாம். ஏனென்றால் மியூசிக் டைரக்டர் மாணிக்கவாசகம் மாஸ்டருக்கு ஆள் மாற்றி அனுப்புவது பிடிக்காது. அனுப்பினவன், வந்தவன் இரண்டு பேரையும் அன்றோடு தலைமுழுகிவிடுவார்.

இன்ஸ்பெக்டர் விசாரிக்கத்தான் செய்தார். நான்தான் வாசித்தேன், யாரையும் அனுப்பவில்லை என்றார் தங்கவேல். தியேட்டர் லிஸ்டிலும் அவர் பெயருக்கு நேரே டிக் இருந்தது. அந்தப் பாட்டு முதல் டேக் கெட்டுப்போய் இரண்டாவது டேக்கில்தான் ஓகே ஆயிற்று என்றார் மாஸ்டர். மெஹபூபோ ஒரே டேக் என்று சாதித்தான். எத்தனை டேக் என்றுகூடத் தெரியாதவன் எங்கே வாசித்திருக்கப் போகிறான் என்று இன்ஸ்பெக்டர் ஃபைலைக் கட்டிவிட்டார்.

பதினாலாவது உதைக்கு லாம்பிரெட்டா மனம் இரங்கியது.

"எனக்கு ஒண்ணு உறுத்துதுடே," என்றார் சுயம்புலிங்கம், மவுண்ட் ரோட்டைத் தாண்டும்போது காற்றில் கத்தியபடி. "ரெண்டு டேக்னு மாஸ்டர் சொன்னதை இன்ஸ்பெக்டரே இவன்கிட்ட சொல்லியாச்சு. பொய் சொல்றவன்னா உடனே 'ஆமா, ரெண்டு'ன்னு மாத்தியிருப்பான். இவன் ஏன் மாத்தலை?"

"இன்னா எழவோ. நம்ம பேர்ல சி.ஐ.டி. நகர்னு ஒரு நகரே கீது, அதுல ஒண்டிக்க ஒரு வூடு இல்ல. அத்தை யோசி மொதல்ல."

ஹேண்டில்பாரில் சுயம்புலிங்கத்தின் விரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே வந்தன. காலையிலிருந்து அவர் ஓர் இடத்தில் நிலைகொள்ளவில்லை.

நாதவேணி தியேட்டரில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். இரண்டு மணிக்கு மாஸ்டரின் ரெக்கார்டிங். வயலின் பெட்டிகளோடு ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒலிப்பதிவாளர் கங்காதரன் தன் அறையில் மெஷினுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, சிரித்த முகம்.

"செவ்வாய்க்கிழமை பாட்டோட கெட்டுப்போன முதல் டேக் வேணும்," என்றார் சுயம்புலிங்கம் நேராக.

"லேட்டா வந்துட்டீங்களே சார். என்.ஜி., அதான் கெட்டுப்போன டேக்கையெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில அழிச்சுடுவோம். இன்னிக்குக் காலையிலதான் அழிச்சோம். வெளிநாட்டு டேப், கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. அழிச்சு அழிச்சுத்தான் ஓட்டுறோம்."

சந்தேகத்துக்கு ஒரு தடவை செவ்வாய்க்கிழமை டேப் சுற்றியிருந்த ஸ்பூலை மெஷினில் போட்டும் காட்டினார். வெறும் இரைச்சல்தான் வந்தது. மணி ஒன்று முப்பத்தைந்து.

சுயம்புலிங்கம் ஸ்பூலைக் கையில் வாங்கினார். ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். பக்கத்திலிருந்த இன்னொரு ஸ்பூலை எடுத்து அதையும் தடவினார்.

"எங்கப்பா ஒரு பீஸ் துணியைத் தடவியே அரை முழம் குறையுதுன்னு சொல்லிருவாரு," என்றார். "இது பக்கத்து ஸ்பூலைவிட இளைச்சிருக்கே. நடுவுல வெள்ளையா ஒரு ஒட்டு வேற. அழிக்கிறதுக்கு மெஷின் போதும். பிளேடு எதுக்கு வந்தது?"

"அது... டேப் அறுந்து போச்சு சார்."

"அறுந்தா ஒட்டலாம். இளைக்காதே."

கங்காதரன் குங்குமத்தை மெஷினுக்கு வைப்பதற்குப் பதில் மேஜைக்கு வைத்தார்.

பாண்டுவுக்கு இந்த விவாதத்தில் ருசி இல்லை. அவன் கண் மூலையிலிருந்த பொரி டின் மேலேயே இருந்தது. பூஜைக்கு முந்தின நாள் ஒரு பிடி எடுத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று முடிவு செய்து, மூடியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டான். பொரிக்குள் வேறொன்று கையில் தட்டுப்பட்டது.

"அண்ணாச்சி, இந்த ஊர்ல பொரியோட தேங்கா போடுவாங்க, கடலை போடுவாங்க. இதைப் போட்டு நான் பாத்ததில்ல."

பொரி உதிர அவன் கையில் ஒரு சின்ன ஸ்பூல் வெளியே வந்தது.

கங்காதரன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். "சார், மாஸ்டருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்னிக்கு, பெரியவங்க எல்லாம் பிரசாதம் வாங்கிட்டுப் போனப்புறம், கதவைச் சாத்திக்கிட்டு நாங்க வாத்தியக்காரங்க மட்டும் போட்டுக் கேக்குற ஸ்பூல் இது. அந்த வருஷத்துல யார் யார் எங்கெங்க சொதப்பினாங்களோ அதையெல்லாம் அழிக்கிறதுக்கு முன்னாடி வெட்டி எடுத்து ஒட்டி வச்சிடுவேன். பாட்டுக்காரம்மா தும்மினது, புல்லாங்குழல்காரருக்கு விக்கல் வந்தது. மாஸ்டரோட திட்டு மட்டுமே இருபது நிமிஷம் ஓடும்."

"செவ்வாய்க்கிழமை?"

"கடைசியா ஒட்டினது அதுதான்."

ஸ்பூல் சுழன்றது. முதலில் கங்காதரனின் குரல், "டேக் ஒன்." பிறகு கனத்த குரலில் மாஸ்டர், "ஒன்... டூ..." உடனே தபலா தன்னந்தனியாக, ஜோராகக் கிளம்பியது. இரண்டு தட்டு தட்டிவிட்டு நட்டாற்றில் விட்டதுபோல நின்றது. எங்கோ ஒரு வயலின் கீச்சிட்டது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"தங்கவேலு!" மாஸ்டரின் குரல் அறையை அதிர வைத்தது. "நாலு எண்ணத் தெரியாதா உனக்கு? வீட்டுல தூங்கிட்டு வரணும்யா, இங்க வந்து தூங்கக் கூடாது."

அப்புறம் நிசப்தம். ஸ்பூல் முடிந்து வால் படபடவென்று அடித்துக்கொண்டது.

பாண்டுவின் வாயில் இருந்த பொரி உள்ளே இறங்கவில்லை. தேடி வந்த சாட்சி எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டது. டேப்பே தங்கவேலு என்கிறது. சகினாவிடம் எந்த வாயால் அப்படி ஒரு வாக்கைக் கொடுத்தோம் என்று தன்மேலேயே அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

"போச்சு அண்ணாச்சி. இத்தை வெளிய எடுக்காமலே இருந்திருக்கலாம். பொரியவாச்சும் துன்னுட்டுப் போயிருப்பேன்."

சுயம்புலிங்கம் நான்கே எட்டில் முடிந்துவிடும் அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மணி ஒன்று ஐம்பது. "இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்.

"திட்டு விழுந்தது. பதிலே இல்லையே, ஏன்?"

"தபலாவுக்குத் தனி ரூம் சார்," என்றார் கங்காதரன். "மத்த வாத்தியத்தோட சத்தம் கலக்காம இருக்க மரத்தால அடைச்சிருக்கு. பின்னால வழி. வாசிக்கிறவர் உள்ளே வந்து சுவிட்சைப் போட்டா ஹால்ல சிவப்பு பல்பு எரியும். பல்பு எரிஞ்சா ஆள் வந்தாச்சு, லிஸ்ட்ல டிக். அவர் பேசினா மைக்ல கேக்கும். அன்னிக்கு ஏனோ பேசலை. வழக்கமா 'மன்னிச்சுக்கங்க மாஸ்டர்'னு சொல்றவர்தான்."

"அப்ப உள்ள யார் இருக்காங்கன்னு மாஸ்டர் பார்க்கலை. பல்பைத்தான் பார்த்திருக்காரு. பல்பைத் திட்டியிருக்காரு."

"ஆனா தப்பு செம தப்பு சார்." கங்காதரன் பயத்தை மறந்து சிரித்தார். "மாஸ்டர் 'ஒன், டூ' மட்டும்தான் வாயால சொல்வாரு. 'த்ரீ, ஃபோர்' மனசுக்குள்ள. அவர் குரல் பாட்டு மேல விழக் கூடாதுன்னு இப்படி ஒரு பழக்கம். அந்த ரெண்டையும் எல்லாரும் மனசுலயே எண்ணிக்கணும். தெரியாம புதுசா வர்றவங்க 'டூ'ன்னதும் குபீர்னு விழுந்துடுவாங்க. இந்த வருஷம் மட்டும் இந்த ஸ்பூல்ல மூணு பேர் விழுந்திருக்காங்க."

சுயம்புலிங்கம் நின்றார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் கையும் காலும் ஒரே நேரத்தில் சும்மா இருந்ததைப் பாண்டு பார்த்தான்.

"தங்கவேல் மாஸ்டர்கிட்ட எத்தனை வருஷமா வாசிக்கிறாரு?"

"ஒன்பது வருஷம்."

"இந்தக் குழியில எத்தனை தடவை விழுந்திருக்காரு?"

"அவரா? அவர் எதுக்கு சார்..." கங்காதரனின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"ஒன்பது வருஷப் பழக்கம். அவருக்கு அது மூச்சு விடுற மாதிரி ஆயிட்டுது. அனுப்பின பையன்கிட்ட இதைச் சொல்லணும்னே அவருக்குத் தோணியிருக்காது."

பாண்டு பொரியை விழுங்கினான். "சரி, மெஹபூபுதான் குழியில வுழுந்தான். அத்தை போலீஸாண்ட சொல்லிருந்தா அன்னிக்கே வூட்டுக்குப் போயிருப்பானே. ஒரே டேக்கு, ஒரே டேக்குன்னு எதுக்கு உசுரை வுடறான்?"

"வெட்கம்டே. இவ்வளவு பெரிய மாஸ்டருக்கு மொத மொதல்ல வாசிக்கப் போயி, மூணாவது விநாடியே திட்டு. அதை எவன் வெளிய சொல்லுவான்? திருடன்னு சொன்னாக்கூடத் தாங்கிக்கிடுவான், தாளம் தெரியாதவன்னு சொன்னாத் தாங்க மாட்டான்." சுயம்புலிங்கம் கதவை நோக்கி நடந்தார். "பாண்டு, ஒண்ணு யோசி. வாசிச்சு முடிச்சுட்டுப் போன பையனை, 'எப்படிடா இருந்தது'ன்னு முதல்ல கேட்டது யாரா இருக்கும்?"

பாண்டுவுக்கு மெல்ல விளங்கியது. "தங்கவேலு."

"அவர்கிட்டயும் இதே பொய்யைத்தான் சொல்லியிருப்பான். தங்கவேலை எத்தனை டேக்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. நீ பின்வாசல்ல போய் உக்காரு. நகராத."

"பொரி டின்னை எடுத்துக்கினு போகலாமா?"

அடுத்து ஹாலில் நடந்ததைப் பாண்டு பின்வாசல் படியிலிருந்து, கதவு இடுக்கில் கண்ணையும் காதையும் மாறி மாறி வைத்துத்தான் தெரிந்துகொண்டான். நாற்பது வாத்தியக்காரர்கள் ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. வேற்றாளைக் கண்டதும் மாஸ்டர் உறுமினார். சுயம்புலிங்கம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்ல, உறுமல் அடங்கியது. ஸ்பூலைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. ஒரே ஒரு கேள்வியைத் தபலாக்காரரிடம் கேட்கச் சொன்னார், அவ்வளவுதான்.

மாஸ்டர் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"தங்கவேலு. போன செவ்வாய்க்கிழமை நம்ம பாட்டு எத்தனை டேக் போச்சு?"

ஸ்பீக்கரில் தங்கவேலின் சிரிப்பு வந்தது. "என்ன மாஸ்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? ஒரே டேக். உங்ககிட்ட நான் எப்ப ரெண்டாவது டேக் போயிருக்கேன்?"

ஸ்ருதி சேர்ப்பது நின்றது. ஒவ்வொரு வில்லாக இறங்கியது. செவ்வாய்க்கிழமை அந்தத் திட்டு விழுந்தபோது நாற்பது பேரும் அங்கேதான் இருந்தார்கள். நாற்பது பேருக்கும் அது தெரியும். திட்டு வாங்கினவருக்கு மட்டும் தெரியவில்லை.

"வெளிய வாய்யா," என்றார் மாஸ்டர்.

சிவப்பு பல்பு அணைந்தது.

பின்வாசல் கதவு தடாலென்று திறந்தபோது பாண்டு படியின் குறுக்கே காலை நீட்டிப் பொரி தின்றுகொண்டிருந்தான். தங்கவேல் அவன் மேல் தடுக்கி, டின்னோடு உருண்டார். முற்றம் முழுக்கப் பொரி. அவர் எழுந்திருப்பதற்குள் பாண்டு அவர் வேட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். எழுந்தால் வேட்டி மிஞ்சாது என்பதால் தங்கவேல் எழுந்திருக்கவில்லை. அவர் மார்போடு எதையோ இறுக்கி அணைத்திருந்தார். தபலா ஆடாமல் நிற்க அடியில் வைப்பார்களே, துணி சுற்றின வளையம், அது.

சுயம்புலிங்கமும் பின்னால் மாஸ்டரும் வந்து சேர்ந்தார்கள்.

"அண்ணாச்சி, எனக்கு சங்கீதம் தெரியாது," என்றான் பாண்டு. "ஆனா தபலாவை உள்ள வுட்டுட்டு அடியில வைக்கிற துணிய தூக்கிக்கினு ஓடுற வித்வானை நான் பாத்ததேயில்ல. துணின்னா இம்மாம் கனமாவா இருக்கும்?"

பிளேடு கங்காதரனிடம் தயாராக இருந்தது. ஒரு பக்கம் கீறியதும் சிவப்புப் பட்டுத் துணிக்குள்ளிருந்து டாக்டரம்மாவின் ஒட்டியாணம் வட்டம் கலையாமல் வெளியே வந்தது.

தங்கவேல் பொரியைப் பார்த்துக்கொண்டே பேசினார். திங்கட்கிழமை மெஹபூப் இவருடைய வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தபோது சுத்தியலை எடுத்து வைத்துக்கொண்டாராம். எல்லாவற்றையும் யோசித்தாராம். "எப்படிடா போச்சுன்னு கேட்டேன். 'ஒரே டேக் அண்ணே'ன்னான். அந்தப் பய சொன்னதை நம்பினேன்," என்றார். அவருடைய பெரிய வருத்தமே அதுதான் என்பதுபோல இருந்தது.

அதற்கப்புறம் ஓட்டம்தான். இன்ஸ்பெக்டருக்கு டெலிபோன், ஜீப், வாக்குமூலம், மறுபடி லாம்பிரெட்டா, இந்தத் தடவை எட்டு உதை. நான்கு மணிக்கு எடுக்க வேண்டிய மனுவை மாஜிஸ்திரேட் நான்கரைக்கு எடுத்தார். போலீஸ் தரப்பில் ஆட்சேபணை இல்லை என்று இன்ஸ்பெக்டரே எழுந்து சொன்னார். அவர் முகத்தில் அதைச் சொல்ல விருப்பமே இல்லை. கோர்ட் குமாஸ்தா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, ஆர்டரில் கையெழுத்து விழுந்தபோது மணி ஐந்தாக ஐந்து நிமிடம்.

சப்-ஜெயிலின் சின்னக் கதவு திறந்து மெஹபூப் அலி வெளியே வந்தான். பாண்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் விட்டான். சகினா அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாண்டு பொரியின் மேல் பழிபோட்டுக் கனைத்துக்கொண்டான்.

மெஹபூப் நன்றி சொல்ல வாயெடுத்தான். வந்தது வேறு. "சார்... எப்படி என்னை வெளிய கொண்டாந்தீங்க?"

"முதல் டேக் கிடைச்சுது," என்றார் சுயம்புலிங்கம்.

மெஹபூபின் முகம் வெளுத்தது. கைதான அன்றுகூட அப்படி வெளுத்திருக்காது.

"அதை எத்தனை பேர் கேட்டாங்க சார்?"

"இதுவரைக்கும் நாங்க மூணு பேரு நைனா," என்றான் பாண்டு. "நாளைக்கு சுண்டல் துன்னுகினே இன்னும் நாப்பது பேரு கேப்பாங்க."

மெஹபூப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். சகினா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள்.

"மாஸ்டர் ஒரு சேதி சொல்லச் சொன்னாரு," என்றார் சுயம்புலிங்கம். "அந்த ரெண்டாவது டேக் அவருக்குப் பிடிச்சிருந்ததாம். திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ரெக்கார்டிங். முன்வாசல் வழியா வரணும்னாரு."

மெஹபூப் கையை விலக்கினான். நம்பலாமா என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தங்கையோடு நடக்கத் தொடங்கி, பத்தடி போவதற்குள் அவன் உதடு அசைவதைப் பாண்டு கவனித்தான்.

"ஒன், டூ," என்றான் மெஹபூப். அப்புறம் வாயை இறுக மூடிக்கொண்டு, மீதி இரண்டையும் விரலில் எண்ணினான்.